நெடுந்தூரக் குதிரைச் சவாரியில் புதியவர்: அடையாளமும் அங்கீகாரமும்

குதிரைப் போட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் மைதானப் பந்தயமே ஆகும். அதனின்றும் முற்றிலும் வேறுபட்ட போட்டியொன்று உலகின் பல நாடுகளில் நடைபெற்று வருகிறது. பொழுது புலரும் நேரத்தில் புறப்பட்டு, காடும் மேடும் மணலும் மலைச்சரிவும் கடந்து, 40 கிலோமீட்டர் முதல் 160 கிலோமீட்டர் வரையுள்ள தூரத்தை ஒரே நாளில் ஒரே குதிரையின்மீது செல்வதே நெடுந்தூரச் சவாரிப் போட்டியாகும். இதில் முந்தி வருவது மட்டும் போதாது. வந்து சேர்ந்த குதிரை மேலும் செல்லத் தகுதியுடையது என்று கால்நடை வைத்தியர் சான்று கூறினாலன்றி, அச்சவாரி முடிந்ததாகக் கொள்ளப்படமாட்டாது.

இத்தகைய போட்டியில் முதன்முறையாக இறங்கும் புதியவரை எவ்வாறு அறிவது? அறிந்தபின் அவருடைய முயற்சியை எதனைக் கொண்டு மதிப்பது? இவ்விரண்டும் எளிய வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும் இவற்றிற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே, வாய் பேசவியலாத ஒரு விலங்கின் நலமும், சில வேளைகளில் அதன் உயிரும் அமைகின்றன. ஆகவே இவ்விரு வினாக்களையும் உடலியலின் துணைகொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

போட்டியின் தோற்றம்

1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வெண்டல் ராபி என்பவர் தம் தோழர் சிலருடன் டாஹோ நகரிலிருந்து புறப்பட்டு, சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து, ஆபர்ன் நகரை அடைந்தார். இக்காலத்துக் குதிரையும் ஒரு நாளில் 100 மைல் செல்லவல்லது என்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். அன்று தொடங்கிய அச்சவாரி பின்னர் டெவிஸ் கோப்பைச் சவாரி எனப் பெயர் பெற்றது. 24 மணி நேரத்திற்குள் தகுதியுள்ள குதிரையுடன் வந்து சேர்வோர் அனைவருக்கும், முதலாமவர் ஐம்பதாமவர் என்ற வேறுபாடின்றி, வெள்ளியாலான அரைக்கச்சைக் கொக்கி வழங்குவது அதன் மரபு. 1964-ஆம் ஆண்டு முதல் ஹாகின் கோப்பை என்னும் மற்றொரு பரிசும் அளிக்கப்பட்டு வருகிறது. முன்வந்த பத்துக் குதிரைகளுள் உடல்நிலையில் மிகச் சிறந்து விளங்கும் குதிரைக்கு உரியது அப்பரிசு.

1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் டாம் குவில்டி பொற்கோப்பைச் சவாரி தொடங்கிற்று. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க நெடுந்தூரச் சவாரி மாநாடு என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. ‘முடித்தவர் வென்றவர்’ என்ற கருத்தையே அது தன் குறிக்கோள் மொழியாகக் கொண்டது. 1982-ஆம் ஆண்டில் பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் இவ்விளையாட்டைத் தன் பிரிவுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

புதியவரைக் குறித்துத் தனிக் கவலை ஏன்?

குதிரை மந்தையாக வாழும் இயல்பினது. முன்னே பல குதிரைகள் ஓடக் கண்டால் தானும் ஓட விழையும். தன் களைப்பையும் நோவையும் உடனே வெளிக்காட்டாது. மனிதன் நெடுந்தூரம் ஓடும்போது அவனுடைய உடலே அவனைத் தடுத்து நிறுத்துகிறது. குதிரையின்மீது செல்லும்போதோ நிறுத்தவேண்டியவர் ஒருவர், களைப்பவர் மற்றொருவர். இவ்விருவருக்குமிடையே செய்தி செல்லும் வழியை அறியாதவரே புதியவர் ஆவார்.

இதனினும் நுட்பமான இடரொன்று உண்டு. பயிற்சியினால் குதிரையின் உறுப்புக்கள் யாவும் ஒரே வேகத்தில் உறுதி பெறுவதில்லை. இருதயமும் சுவாச உறுப்புக்களும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேர்ச்சியடைந்துவிடுகின்றன. தசைகளுக்கு மேலும் சில மாதங்கள் வேண்டும். தசைநாண்களும் மூட்டுக் கட்டுக்களும் எலும்புகளும் முழு உறுதி பெறுவதற்கு ஓராண்டுக்கு மேலாகும். இரண்டு மூன்று ஆண்டுகளும் ஆகக்கூடும். மூன்று மாதப் பயிற்சிக்குப்பின் தம் குதிரை சிறிதும் மூச்சு வாங்காமல் ஓடக் காணும் புதியவர், அது எதற்கும் ஆயத்தமாகிவிட்டதென எண்ணுகிறார். உண்மையில் அதன் இருதயம் மட்டுமே ஆயத்தமாகியிருக்கிறது, கால்கள் ஆகவில்லை. முதலாண்டிலேயே நொண்டிப்போகும் குதிரைகள் பலவற்றின் கதை இதுவே. அமெரிக்க அமைப்பு 25 மைல் சவாரிக்கு 4 வயதும், 50 மைலுக்கு 5 வயதும், 100 மைலுக்கு 6 வயதும் நிரம்பிய குதிரைகளையே அனுமதிப்பதற்கும் இதுவே காரணமாகும்.

நாடித் துடிப்பு என்னும் சாட்சி

ஓய்வாக நிற்கும் குதிரையின் இருதயம் நிமிடத்திற்குச் சுமார் 30 முதல் 40 முறை துடிக்கிறது. கடும் ஓட்டத்தின்போது அது 220-ஐயும் தாண்டக்கூடும். உழைப்பு நின்றதும் நன்கு பயின்ற குதிரையின் துடிப்பு விரைந்து இறங்குகிறது. அளவு மீறி உழைத்த குதிரையின் துடிப்பு இறங்க மறுக்கிறது. வலி, உடல் வெப்பம், நீரிழப்பு ஆகிய மூன்றுள் எது மிகுந்தாலும் துடிப்பு தாழாது. இவ்வொரு குறியைக்கொண்டே பல கேடுகளை முன்னறியலாம் என்பதால், நெடுந்தூரச் சவாரியில் நாடித் துடிப்பே தலைமைச் சாட்சியாகக் கொள்ளப்படுகிறது.

வழியில் 30, 40 கிலோமீட்டருக்கு ஒருமுறை பரிசோதனை நிலையம் அமைக்கப்படும். அங்கு வந்து சேரும் குதிரையின் துடிப்பு, வழக்கமாக 60 அல்லது 64 என விதிக்கப்பட்ட அளவிற்கு இறங்கவேண்டும். இறங்கிய நொடியிலிருந்துதான் கட்டாய ஓய்வு நேரம் கணக்கிடப்படும். ஆகையால் கடைசி ஒரு மைலைப் பாய்ச்சலில் கடந்து வந்தவர், மிச்சப்படுத்திய நிமிடங்களைத் துடிப்பு இறங்கக் காத்திருப்பதில் இழந்துவிடுகிறார். தேர்ந்தவர் அக்கடைசி மைலில் வேகத்தைத் தணித்து, இறங்கிக் குதிரையுடன் நடந்தே வருவதைக் காணலாம்.

அடுத்து வைத்தியர் மற்றொரு சோதனை செய்கிறார். நின்ற நிலையில் துடிப்பை எண்ணியபின், குதிரையைக் கையிற் பிடித்து 125 அடி தூரம் துள்ளுநடையில் ஓட்டிச் சென்று திரும்பக் கொணர்கின்றனர். ஓட்டம் தொடங்கிய ஒரு நிமிடத்திற்குப்பின் துடிப்பு மீண்டும் எண்ணப்படுகிறது. எடுத்துக்காட்டாக, முன்னர் 60 இருந்து பின்னரும் 60 அல்லது அதற்குக் கீழிருப்பின் குதிரை நலமாயுள்ளது. அது 68 ஆக உயர்ந்திருப்பின், வெளித்தோற்றம் எவ்வளவு நன்றாயிருப்பினும், உள்ளே களைப்போ வலியோ மறைந்துள்ளது என்று ஐயுறவேண்டும். அந்தக் குறுகிய ஓட்டத்திலேயே கால் நொண்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஈறுகளை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிகளுக்குள் மீண்டும் சிவக்கவேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே தன்னிலைக்குத் திரும்பவேண்டும். வயிற்றின் இருபுறமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் குடலின் இரைச்சல் கேட்கவேண்டும். குடல் அமைதியாகிவிடின் அது நற்குறி அன்று. இவையாவும் சவாரியாளரின் அட்டையில் பதிவு செய்யப்படுகின்றன. அவ்வட்டை குதிரையைப் பற்றியதேயாயினும், ஊன்றிப் படிப்போர்க்கு அதன்மீது அமர்ந்து வந்தவரையும் காட்டிவிடும்.

வியர்வையும் தாகமும்

குதிரையின் தசைகளில் வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோதான் ஓட்டத்திற்குப் பயன்படுகிறது; எஞ்சியது வெப்பமாகிவிடுகிறது. அவ்வெப்பத்தைப் போக்கக் குதிரை மனிதனைப் போலவே வியர்வையை நம்பியுள்ளது. வெம்மையும் ஈரப்பதமும் மிகுந்த நாளில் ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை அது வியர்க்கக்கூடும்.

இங்குப் புதியவர் அறியாத உண்மையொன்று உள்ளது. மனிதனின் வியர்வையில் உப்பு இரத்தத்திலிருப்பதைவிடக் குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு மிகுந்து தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையிலோ உப்பு இரத்த நீரிலுள்ள அளவிற்கோ அதற்கு மேலாகவோ இருக்கிறது. நீரும் உப்பும் ஒருசேர வெளியேறுவதால் செறிவு மாறுவதில்லை, தாகமும் எழுவதில்லை. நீரிழந்த குதிரை நீர்த்தொட்டியின் முன் நின்றும் குடிக்க மறுக்கலாம். ‘குடிக்கவில்லை; ஆகவே அதற்குத் தாகமில்லை’ என்று புதியவர் மேற்செல்கிறார். தேர்ந்தவரோ ஒவ்வொரு நீர்நிலையிலும் கடிவாளத்தைத் தளர்த்திக் காத்திருக்கிறார். உணவுடன் உப்புக்களைச் சேர்த்தளிக்கிறார். கழுத்திலும் மார்பிலும் நீர் வார்த்து வெப்பத்தைத் தணிக்கிறார்.

சேணத்தின்மீது காணும் அடையாளங்கள்

இனி, சவாரி செய்வோரிடம் நேராகக் காணத்தக்க குறிகளைக் கவனிப்போம்.

முதலாவது, புறப்பாடு. புதியவர் கூட்டத்தின் நடுவே நின்று, மற்றக் குதிரைகளின் வேகத்தால் இழுத்துச் செல்லப்படுகிறார். குதிரை முரண்ட, அவர் கடிவாளத்தை இறுக்க, முதல் பத்து மைல் அந்தப் போராட்டத்திலேயே கழிகிறது. அப்போராட்டத்தில் செலவாகும் ஆற்றல் பிற்பகலில் மீளாது. முன்செல்வோரின் நெரிசல் நீங்கியபின் சில நிமிடங்கள் தாழ்த்திப் புறப்படுவதே இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது, அமரும் முறை. இப்போட்டியில் பெரும்பகுதித் தூரம் ‘டிராட்’ எனப்படும் துள்ளுநடையிலேயே கடக்கப்படுகிறது. இந்நடையில் இடது முன்காலும் வலது பின்காலும் ஒரு சோடியாகவும், மற்ற இரண்டும் இன்னொரு சோடியாகவும் நிலத்தில் ஊன்றுகின்றன. சவாரியாளர் அத்தாளத்திற்கேற்ப எழுந்தும் அமர்ந்தும் வருவார். எந்தச் சோடி ஊன்றும்போது அமர்கிறாரோ அதன்மீது பளு மிகும். புதியவர் தம்மையறியாமல் எப்போதும் ஒரே சோடியின்மீது அமர்ந்து வருவதால் பல மைல்களுக்குப்பின் குதிரையின் ஒருபுறத் தசைகள் மட்டும் நோகின்றன. இரு சோடிகளின்மீதும் மாறிமாறி அமர்வது, சுமையை இரு தோள்களுக்கும் மாற்றிக்கொள்வது போன்றதாகும்.

மூன்றாவது, களைப்பு. தம் உடலைப் பயிற்றாத சவாரியாளர் 30 கிலோமீட்டருக்குப்பின் ஒருபுறமாகச் சாய்கிறார். அங்கவடியில் கால் ஊன்றாமல் முழுப் பளுவையும் சேணத்தின் பின்புறத்தில் போடுகிறார். குதிரையின் முதுகில் அழுந்திய புண்ணும், இறுதிப் பரிசோதனையில் தொட்டவுடன் துவளும் முதுகும் இதன் விளைவுகளேயாம்.

நான்காவது, கணக்கு. தேர்ந்தவர் தூரம், நேரம், நில அமைப்பு, வெயில் ஆகியவற்றைக் கொண்டு வேகத்தை வகுத்துக்கொள்கிறார். புதியவர் முன்னே செல்லும் குதிரையின் வாலைக் கொண்டே வேகத்தை வகுத்துக்கொள்கிறார்.

ஒரு செய்தி இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. விலையுயர்ந்த சேணமோ அழகிய உடையோ புதியவரையும் தேர்ந்தவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. பல ஆண்டுகள் மைதானத்தில் தடை தாண்டிப் பயின்ற வல்லவரும் நெடுந்தூரச் சவாரியில் புதியவரேயாவார்.

விதிகள் வகுத்த எல்லை

கண்ணால் காணும் குறிகள் ஏமாற்றக்கூடும். ஆகவே, புதியவர் யார் என்பதை விதிகள் ஐயத்திற்கிடமின்றி வரையறுக்கின்றன. பன்னாட்டுச் சம்மேளனத்தின் முறைப்படி, அனைத்துலகப் போட்டிகளில் நுழைய விழைவோர் முதலில் 40 முதல் 79 கிலோமீட்டர் வரையுள்ள சவாரிகளையும், பின்னர் 80 கிலோமீட்டர் அளவிலான சவாரிகளையும் முடித்துக் காட்டவேண்டும். இத்தகுதியைச் சவாரியாளரும் குதிரையும் தனித்தனியே பெறவேண்டும். பழகிய குதிரையின்மீது அமர்ந்த புதியவரும் புதியவரே. பழகியவரைச் சுமக்கும் புதிய குதிரையும் புதியதே.

2020-ஆம் ஆண்டின் விதிகளின்படி இந்நிலையில் மணிக்கு 16 கிலோமீட்டர் என்னும் வேக உச்சவரம்பும் உண்டு. அதாவது, 40 கிலோமீட்டரை இரண்டரை மணிக்குக் குறைந்த ஓட்ட நேரத்தில் கடந்தவர் தகுதி பெறமாட்டார். பிற போட்டிகள் யாவும் ‘இத்தனை வேகமாய்ச் செல்க’ என்று கூற, இது மட்டும் ‘இதற்குமேல் விரையற்க’ என்கிறது. மெதுவாகச் செல்லக் கற்றவருக்கே விரைந்து செல்லும் உரிமை கிடைக்கிறது.

எதனைப் பாராட்டுவது?

இனி இரண்டாவது வினாவிற்கு வருவோம். அமெரிக்க அமைப்பு 25 முதல் 35 மைல் வரையுள்ள குறுந்தூரச் சவாரிகளைத் தனிப் பிரிவாக ஏற்று, அவற்றின் மைல்களைத் தனிக் கணக்கில் பதிவு செய்கிறது. புதியவர் பெரும்பாலும் இங்குத்தான் தொடங்குகின்றனர். இப்பிரிவிலும் முந்தி வந்தவருக்கு இடமும் பரிசும் அளிக்கலாமா என்பது சவாரியாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் விவாதமாகும். அளித்தால் அனுபவமற்றவர் விரைந்தோடிக் குதிரையைக் கெடுப்பர் என்பது ஒரு சாராரின் அச்சம். அளிக்காவிடில் புதியவரின் உழைப்பு மதிப்பற்றதாகிவிடும் என்பது மறு சாராரின் முறையீடு. இரு வாதங்களிலும் நியாயம் உண்டு.

இதற்குக் கண்ட தீர்வு விஞ்ஞான நோக்கில் மிகவும் போற்றத்தக்கது. இக்குறுந்தூரச் சவாரியில் எல்லைக்கோட்டைத் தாண்டிய நேரம் முடிவு நேரமன்று. தாண்டியபின் குதிரையின் துடிப்பு நிமிடத்திற்கு 60 ஆக இறங்கும் நேரமே முடிவு நேரமாகும். எடுத்துக்காட்டாக, ஒருவர் 10 மணிக்குக் கோட்டைத் தாண்டுகிறார். அவர் குதிரையின் துடிப்பு 10 மணி 18 நிமிடத்தில் 60-ஐ எட்டுகிறது. மற்றொருவர் 10 மணி 7 நிமிடத்தில் தாண்டுகிறார்; அவர் குதிரை 10 மணி 9 நிமிடத்திலேயே 60-ஐ எட்டிவிடுகிறது. இரண்டாமவரே முந்தியவராகக் கொள்ளப்படுவார். 30 நிமிடங்களுக்குள் இறங்காத குதிரையின் சவாரி முடிந்ததாகவே கருதப்படாது. இவ்வாறு பரிசு குதிரையின் கால்களுக்கன்றி, அதன் இருதயத்தின் அமைதிக்கு அளிக்கப்படுகிறது. புதியவரும் பரிசை நாடுவதன் வாயிலாகவே நற்பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறார்.

சிறந்த உடல்நிலைக்குரிய பரிசும் இந்நோக்கத்தையே உடையது. அமெரிக்க முறையில் இதற்கான மதிப்பெண்களில் வைத்தியரின் கணிப்புக்கு 500-உம், நேரத்திற்கு 200-உம், சுமந்த எடைக்கு 100-உம் உரியனவாகும். வேகத்தைவிடக் குதிரையின் நலத்திற்கே மதிப்பு மிகுதி என்பது இவ்வெண்களால் விளங்கும்.

ஆயினும், மிக உயர்ந்த பாராட்டுக்குரிய செயலொன்றிற்கு எங்கும் கோப்பை கிடையாது. வைத்தியர் தடுக்காத நிலையிலும், தம் குதிரை வழக்கம்போல் இல்லை என்றுணர்ந்து தாமாகவே விலகிக்கொள்ளும் சவாரியாளரின் செயலே அது. அமெரிக்கப் பதிவேட்டில் இவ்விலகல், நொண்டுதல் முதலிய காரணங்களால் நீக்கப்படுவதினின்றும் வேறுபடுத்தி, ‘சவாரியாளர் விருப்பம்’ என்று குறிக்கப்படுகிறது. முதற் சவாரிக்காகப் பல மாதங்கள் உழைத்து, பொருள் செலவிட்டு, இன்னும் பத்து மைலே எஞ்சியிருக்கையில் நின்றுவிடுவது எளிதன்று. அவ்வாறு நிற்கக் கற்றவர் அன்றுமுதல் புதியவர் அல்லர்.

நம் நாட்டில்

பாரத நாட்டில் மார்வாரி, கத்தியவாரி ஆகிய குதிரை இனங்கள் வறண்ட நிலங்களில் நெடுந்தூரம் செல்லும் உரத்திற்குப் பெயர் பெற்றவை. 2023-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் நடைபெற்ற இளையோருக்கான உலக நெடுந்தூரச் சவாரிப் போட்டியில் கேரளத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் 120 கிலோமீட்டர் தூரத்தை முடித்து, அப்போட்டியை நிறைவு செய்த முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். இவ்விளையாட்டில் ஆர்வங்கொள்ளும் இளைஞர் இனிப் பெருகக்கூடும். நம் நாட்டின் வெப்பத்திலும், குறிப்பாகக் கடற்கரைப் பகுதிகளின் ஈரக்காற்றிலும், வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. ஆகையால் குளிர்நாடுகளின் வேகத்தை இங்கு அப்படியே பின்பற்றுவது தவறாகும்.

தொகுப்புரை

நெடுந்தூரச் சவாரியில் புதியவரை அவர் உடையாலோ வேகத்தாலோ அறியவியலாது. அவருடைய குதிரையின் துடிப்பு, ஈறு, முதுகு, நடை ஆகியவற்றால் அறியலாம். புதியவராயிருப்பது குறையன்று, தாம் புதியவர் என்பதை அறியாதிருப்பதே குறை. எதனைப் பாராட்டுகிறோமோ அதனையே புதியவர் நாடுவர். வேகத்தைப் பாராட்டின் வேகத்தை நாடுவர். நலமாக வந்து சேர்ந்த குதிரையைப் பாராட்டின் அதன் நலத்தை நாடுவர். போட்டியை நடத்துவோரும் காண்போரும் இவ்வுண்மையை மறவாதிருப்பின், மாலையில் குதிரைகள் யாவும் தம் கால்களாலேயே நடந்து கொட்டிலுக்குத் திரும்பும்.